மரதன் ஓட்டமும் மெய்வருத்தமும்

திருக்குறளிலே ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரம் உண்டு. வலியறிதல் எனப் பிறிதோர் அதிகாரமும் உண்டு. உடலை வருத்தி முயல்வார்க்கு அம்முயற்சி தனக்குரிய பயனைத் தந்தே தீரும் என்பது முன்னையதன் கருத்து. தன் ஆற்றலின் எல்லையை அறியாது ஊக்கம் ஒன்றையே துணையாகக் கொண்டு செல்வோர் இடைவழியிற் கெடுவர் என்பது பின்னையதன் எச்சரிக்கை.

அண்மையில் ஒரு மாலை வகுப்பிலே இவ்விரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படிப்பிக்க நேர்ந்தது. பாடம் முடிந்ததும் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். அவர் பகற்பொழுதில் ஒரு பாடசாலையில் ஆசிரியராய் இருப்பவர். அங்கே பிள்ளைகளை மரதன் ஓட்டத்துக்குப் பழக்குபவரும் அவரே.

“ஐயா, உலகத்துப் பெரிய மரதன் வீரர்கள் கிழமையில் இரண்டு மூன்று நாள் விரைவுப் பயிற்சி செய்கிறார்கள். அதிலே அவர்கள் தம்மை அளவுக்கு மிஞ்சி வருத்துகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி வருத்தினாற்றான் வெற்றி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் என் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு அதிகாரங்களில் எதைச் சொல்லட்டும்?” என்று அவர் கேட்டார்.

அன்று ஏதோ ஒரு விடை கூறி அவரை அமர்த்தினேன். ஆயினும் வீடு திரும்பிய பின் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை இக்கட்டுரையின் இறுதியிற் கூறுவேன். விளையாட்டுத் துறையில் வல்லுநன் அல்லேனாயினும், அவ்வினாவுக்கு நேர்மையான விடை காண வேண்டுமென்னும் விருப்பினால், ஓட்டக்காரரின் வரலாறுகளையும் உடலியல் அறிஞர் கண்ட உண்மைகளையும் தேடிப் படித்தேன். அவற்றின் சாரமே இங்குத் தரப்படுகின்றது.

வினாவின் பொருள்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற இத்தூரம் 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. 2023 ஒக்ரோபரில் சிக்காகோ நகரில் கென்ய நாட்டு இளைஞர் கெல்வின் கிப்டும் இத்தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். இதன் கடுமையை உணர ஒரு சிறு கணக்குப் போதும். 400 மீற்றர் வட்டமொன்றை 69 விநாடிக்குள் ஓட வேண்டும். அவ்வாறு இடைவிடாது 105 வட்டம் ஓட வேண்டும். நம் பாடசாலைப் பிள்ளைகளுள் பலர் அவ்வேகத்தில் இரண்டு வட்டம் ஓடுமுன்னரே மூச்சிரைத்து நின்றுவிடுவர்.

இத்தகைய வேகத்துக்கு உடலைப் பழக்குவதற்குச் செய்யப்படுவதே விரைவுப் பயிற்சி. 400 மீற்றர், 1000 மீற்றர் முதலிய குறுந்தூரங்களை விரைந்து ஓடி, சிறிது நேரம் மெல்ல ஓடி இளைப்பாறி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்வது அதன் ஒரு வகை. நெடுந்தூரத்தைப் போட்டி வேகத்துக்கு அண்மையான வேகத்தில் இடைவிடாது ஓடுவது மற்றொரு வகை. இவை வேண்டுமென்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. எவ்வளவு வேண்டும், எவ்வளவு கடுமையாய் வேண்டும் என்பதிலேதான் வழக்கு.

சாற்றோபெக்கும் பீற்றர்சும்

இவ்வழக்கின் தொடக்கத்தைக் காண 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் செல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கையின் சார்பில் உயரம் பாய்ந்த அதே விழாவிலேதான் செக்கோசிலோவாக்கிய நாட்டுப் போர்வீரர் எமில் சாற்றோபெக் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் பொற்பதக்கம் வென்றார். மரதன் ஓட்டத்தில் அவர் கால்வைத்தது அதுவே முதன்முறை. 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் அவர் அதனை முடித்தார்.

சாற்றோபெக் குறுந்தூரங்களை ஒரே நாளிற் பன்முறை ஓடிப் பழகியவர். 400 மீற்றரை நாற்பது முறை ஓடுவது அவர்க்கு வழக்கம். சில காலங்களில் அதனினும் மிகுதியாகவும் ஓடியதுண்டு. சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழை இளைஞராய் ஓடத் தொடங்கியவர் அவர். படையிற் சேர்ந்த பின் போர்வீரர் அணியும் கனத்த காலணியுடனும் ஓடினார். அவர் வெற்றியைக் கண்ட உலகம், உடலை இவ்வாறு வருத்தினால் எவரும் வெல்லலாம் எனக் கருதிற்று. ஆயின் அக்கருத்திலே ஒரு பிழை இருந்தது. ஒருவன் தன் முழு வலிமையையும் செலுத்தி 400 மீற்றர் ஓடுவானாயின் அதனை நாற்பது முறை செய்தல் இயலாது. நாற்பது முறை செய்தாரென்றால், ஒவ்வொரு முறையும் சிறிது வலிமையை மீத்து வைத்தே ஓடினார் என்பது தானே பெறப்படும். உலகம் அவர் ஓடிய எண்ணிக்கையைக் கண்டது. அவர் மீத்து வைத்ததைக் காணவில்லை.

அதே ஹெல்சிங்கி மரதனில் ஓடிய இங்கிலாந்து நாட்டு ஜிம் பீற்றர்சின் வரலாறு வேறு. ஒலிம்பிக்குக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் மரதன் ஓடி உலகிற் சிறந்த நேரத்தை நிலைநாட்டியவர் அவர். நாள்தோறும் விரைந்தே ஓடிப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்று ஓட்டத்தின் இடையே சாற்றோபெக் அவரை அணுகி, இவ்வேகம் சரிதானா என வினவியதாகவும், வேகம் போதாது எனப் பீற்றர்ஸ் விடையிறுத்ததாகவும் கூறுவர். சாற்றோபெக் முன்னே சென்றார். பீற்றர்ஸ் ஓட்டத்தை முடிக்கவில்லை.

இரண்டாண்டின் பின், 1954இல், வன்கூவர் நகரிலே நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில், மற்றையோரைப் பல நிமிடங்கள் பின்தள்ளிப் பீற்றர்ஸ் விளையாட்டரங்கினுள் நுழைந்தார். நுழைந்தவர் தள்ளாடினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். எல்லைக்கோட்டை அடையாமலே தாங்கிச் செல்லப்பட்டார். அதன் பின் அவர் போட்டியில் ஓடவில்லை. அன்றைய வெயிலும் அவரை வாட்டியது என்பதை மறத்தலாகாது. அவர் வீழ்ச்சிக்குப் பயிற்சியே காரணம் எனத் துணிந்து கூறுதல் நீதியன்று. ஆயினும், ஒவ்வொரு நாளையும் போட்டி நாளாக்கி வாழ்ந்த ஒருவர்க்கு, போட்டி நாளிலே வேகத்தைக் குறைக்கும் எண்ணம் தோன்றாமற் போனதில் வியப்பில்லை.

நியூசீலாந்துச் சப்பாத்துத் தொழிலாளி

ஒருபுறம் யேர்மனியில் வேறொரு முறை வளர்ந்தது. பயிற்றுநர் வொல்டெமார் கெர்ஷ்லர், இருதய வைத்திய அறிஞர் ரைண்டெல் ஆகிய இருவரும் நாடித்துடிப்பை அளவுகோலாக்கினர். ஓடும்போது நிமிடத்துக்கு 180 வரை துடிப்பு ஏறலாம். அடுத்த ஓட்டத்தைத் தொடங்குமுன் அது 120க்கு இறங்க வேண்டும். குறித்த நேரத்துள் இறங்காவிடின் அன்றைய பயிற்சி மிகையாயிற்று என்று கொள்ள வேண்டும். கெர்ஷ்லரின் மாணாக்கராகிய ருடோல்ப் ஹார்பிக் 1939இல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி நிலைநாட்டிய சாதனை பதினாறு ஆண்டுகள் நிலைத்தது. விரைவுப் பயிற்சியின் பிறப்பிடத்திலேயே அதற்கோர் எல்லையும் உடன் வகுக்கப்பட்டிருந்தது என்பதை ஈண்டுக் கருத்திற் கொள்ள வேண்டும். பின்வந்தோர் பலர் ஓட்டத்தை எடுத்துக்கொண்டனர், எல்லையை விட்டுவிட்டனர்.

மற்றொருபுறம் நியூசீலாந்தில், சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆதர் லிடியார்ட் என்பவர் தம் உடலையே ஆய்வுகூடமாக்கினார். மிகக் குறைவாகவும் ஓடிப் பார்த்தார். களைத்து விழும் அளவுக்கும் ஓடிப் பார்த்தார். ஈற்றில் அவர் கண்ட முறை இது: முதலிற் பல வாரங்கள், வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர், மூச்சு வாங்காத அளவான வேகத்தில் ஓட வேண்டும். அதன் பின் மேடுகளில் ஓட வேண்டும். விரைவுப் பயிற்சி போட்டிக்கு முந்திய சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. பயில்வதும் உடலைப் பிழிவதும் வெவ்வேறு என்பதை அவர் தம் மாணாக்கர்க்கு ஓயாது நினைவூட்டுவார்.

1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் அவர் மாணாக்கருள் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் பொற்பதக்கம் வென்றனர். பரி மகீ மரதனில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 800 மீற்றர் ஓடுபவனும் மரதன் ஓடுபவனும் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

உடல் சொல்லும் நியாயம்

இம்முறை ஏன் பயன் தந்தது? பிற்கால உடலியல் அறிஞர் இதற்குத் தெளிவான விளக்கம் தந்துள்ளனர்.

மெல்ல ஓடும்போது தசைக்கு வேண்டிய ஒட்சிசன் குறைவின்றிக் கிடைக்கின்றது. நெடுநாள் இவ்வாறு ஓடுவதால் தசையைச் சூழ்ந்த மயிர்க்குழாய்கள் பெருகுகின்றன; தசைக் கலங்களிற் சத்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகள் பெருகுகின்றன; உடல் கொழுப்பை எரித்துச் சத்தி பெறப் பழகுகின்றது. தசையிற் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் அளவுடையது. அது முடியும் தறுவாயிலேதான், 30ஆவது கிலோமீற்றரின் பின், மரதன் வீரன் கால்கள் ஈயம்போற் கனக்கின்றன. ஆகவே அதனைச் சிக்கனமாய்ச் செலவிடப் பழகுதலே மரதன் பயிற்சியின் உயிர்நாடி.

வேகம் கூடக் கூட இரத்தத்தில் இலற்றிக்கமிலத்தின் அளவும் கூடுகின்றது. ஒரு குறித்த வேகம் வரை உடல் அதனை அவ்வப்போது அகற்றிவிடும். அவ்வெல்லையைத் தாண்டினால் வரவு செலவை விஞ்சி அது விரைந்து பெருகும். கைதேர்ந்த மரதன் வீரர் போட்டியில் ஓடுவது அவ்வெல்லைக்குச் சற்றே கீழான வேகத்திலாம். எனவே அவ்வெல்லையை மேலே உயர்த்துவதே விரைவுப் பயிற்சியின் முதன்மையான நோக்கம். அதற்கு எல்லைக்கு அண்மையில் நெடுநேரம் ஓடினாற் போதும். ஒவ்வொரு முறையும் எல்லையை வெகுதூரம் தாண்டித் துவண்டு விழ வேண்டுவதில்லை. மிகுந்த வேகத்திலான குறும்பயிற்சியும் கால்வீச்சைச் செம்மைப்படுத்தும் என்பது உண்மையே. ஆயின் அதன் அளவு, கறிக்கு உப்புப் போன்றது.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியின் பயன் ஓடும்போது விளைவதன்று; ஓடி இளைப்பாறும்போது விளைவது. பயிற்சியில் நைந்த தசையும் என்பும் உறக்கத்திலும் ஓய்விலும் தம்மைப் புதுக்கிக்கொள்கின்றன. இதிலே இருதயமும் நுரையீரலும் விரைந்து முன்னேறும்; என்பும் தசைநாணும் பின்தங்கியே வரும். மூச்சு இடங்கொடுக்கின்றது என்று கால் தாங்காத சுமையை ஏற்றுபவன் ஈற்றிற் காலை இழப்பான். மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு கடந்தால் வண்டி தாங்காது என்னும் வள்ளுவர் உவமையை இத்துணைப் பொருத்தமாக விளக்கும் எடுத்துக்காட்டு வேறொன்று இல்லை.

மிகையின் வெற்றியும் விலையும்

இவ்வளவில் நிறுத்திவிட்டால், எதிர்ப்பக்கத்தாரின் வழக்கைக் கேளாது தீர்ப்பெழுதியவர் ஆவோம். மிகையாகப் பயின்று வென்றாரும் உளர்.

அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த டெரெக் கிளேற்றன் 1967இல் யப்பானின் புக்குவோக்கா நகரில் 2 மணி 9 நிமிடம் 36 விநாடியில் ஓடி, 2 மணி 10 நிமிடம் என்னும் மதிலை முதன்முதல் உடைத்தார். வாரத்துக்கு 250 கிலோமீற்றர் வரை, அதுவும் விரைவாக, ஓடிப் பயின்றவர் அவர். அதுவரை வேறெவரும் அந்நேரத்தை எட்டியதில்லை. ஆயின் அவர் உடல் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. காயம் மேல் காயமாகப் பலமுறை சத்திரசிகிச்சைக்கு ஆளானார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஏழாவதாகவும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற் பதின்மூன்றாவதாகவுமே வந்தார்.

முன்னர்க் கூறிய கெல்வின் கிப்டும் நம் காலத்தவர். அவர் சில வாரங்களில் 300 கிலோமீற்றருக்கு மேலும் ஓடினார் என அவருடைய பயிற்றுநர் கெர்வே ஹக்கிசிமானா 2023இற் கூறினார். வாராந்த ஓய்வு என ஒன்று அவருக்கு இல்லை. களைப்புத் தோன்றும்வரை கடும் பயிற்சியே. இவ்வாறே தொடர்ந்தால் ஐந்தாண்டில் உன் உடல் முறிந்துவிடும் என்று அப்பயிற்றுநரே அவரை எச்சரித்தும் இருந்தார். அவ்வெச்சரிக்கை மெய்யாகுமா பொய்யாகுமா என அறியும் வாய்ப்பு எவர்க்கும் கிட்டவில்லை. 2024 பெப்ரவரி 11ஆம் நாள் நிகழ்ந்த வாகன விபத்தில் இருபத்துநான்கே வயதான அவ்விளைஞரும் அவருடைய பயிற்றுநரும் ஒருங்கே உயிர் நீத்தனர். ஓடியவை மூன்றே மரதன்கள், மூன்றிலும் வெற்றி, மூன்றாவதில் உலக சாதனை. அவரது வாழ்வைக் கொண்டு மிகை நன்று என நிறுவவும் இயலாது. தீது என நிறுவவும் இயலாது.

ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிகையாகப் பயின்று வென்றவரின் பெயர் ஏடுகளில் ஏறுகின்றது. அதே மிகையினால் இருபது வயதில் முறிந்தவரின் பெயரை எழுதுவார் யார்? கரையேறியவனைக் கண்டு கடலின் ஆழத்தை அளந்துவிட முடியாது.

யப்பானியரான கோக்கிச்சி சுபுறாயாவின் கதையையும் ஈண்டுக் கூறாதிருத்தல் இயலாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் மரதனில் இரண்டாவதாக அரங்கினுள் நுழைந்த அவரை, தம் நாட்டு மக்கள் பார்த்திருக்கவே, ஆங்கிலேயர் ஒருவர் முந்தினார். வெண்கலப் பதக்கம் பெற்றும் அவர் அதனைத் தோல்வியாகவே கருதினார்; அடுத்த ஒலிம்பிக்கில் ஈடுசெய்வேன் என உறுதி பூண்டார். உடல் ஒத்துழைக்கவில்லை, நோவும் காயமும் தொடர்ந்தன. 1968 ஜனவரியில், தமது இருபத்தேழாம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே நீத்தார். இனி ஓட இயலாதவாறு களைத்துவிட்டதாக அவர் எழுதி வைத்திருந்தார். ஒரு மனிதன் இறப்புக்குக் காரணம் ஒன்றே எனத் துணிதல் தகாது. ஆயினும், களைப்பைச் சொல்லுதல் இழுக்கன்று என அவர்க்கு உணர்த்துவார் அருகில் இல்லாமற் போனார்களே என நெஞ்சம் வருந்துகின்றது.

அதே டோக்கியோவில் வென்றவர் எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா. உரோமாபுரியில் வெறுங்காலுடன் ஓடி வென்ற அதே வீரர்தாம். டோக்கியோப் போட்டிக்கு முன் குடல்வால் அழற்சிக்காக அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்து ஆறு வாரங்கூடக் கழிந்திருக்கவில்லை. கடும் பயிற்சிக்குரிய காலத்தில் அவர் படுக்கையில் இருந்தார். எனினும் அடுத்து வந்தவரை நான்கு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் வென்றார். பல்லாண்டு இட்ட அத்திவாரம் சில வார ஓய்வினால் இடிந்துபோவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மீத்து வைப்போர்

இனி, நம் காலத்து மரதன் வீரருள் நெடுங்காலம் முதன்மை பெற்று விளங்கிய எலியூட் கிப்சோகேயின் முறையைக் காண்போம். 2003இற் பதினெட்டு வயதில் 5000 மீற்றர் உலக வெற்றிவீரரானவர். 2016இலும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் மரதன் பொற்பதக்கம் வென்றவர். 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடியவர். அப்போது அவர்க்கு வயது முப்பத்தேழு. இரண்டு பத்தாண்டு உச்சியில் நின்ற இவர், கென்யாவின் கப்டகாட் என்னும் மேட்டுநிலக் கிராமத்திலே, பயிற்றுநர் பற்றிக் சாங்கின் கீழ்ப் பயின்றார்.

செவ்வாயிலும் வியாழனிலும் சனியிலும் கடும் பயிற்சி; மற்றைய நாட்களில் மெல்லோட்டம். அக்கடும் பயிற்சியிலும் தம் வலிமையில் நூற்றுக்கு எண்பது பங்கையே செலவிடுவதாகவும், மெல்லோட்ட நாட்களில் ஐம்பது பங்கே செலவிடுவதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். நூறு பங்கும் போட்டி நாளுக்கே உரியது. பயின்றதை எல்லாம் அவர் குறிப்பேட்டில் ஆண்டாண்டாக எழுதி வைத்தும் வந்துள்ளார். தன் வலியை அறிந்தவன் கணக்குப்பிள்ளையைப்போல் அதனை வரவு வைக்கின்றான்.

யப்பானின் யூக்கி கவாவுச்சி இன்னொருவர். பாடசாலை அலுவலகமொன்றில் அரசாங்க ஊழியராகக் கடமையாற்றிக்கொண்டே ஓடியவர் அவர். நாளுக்கு ஒருமுறை பயிலவே நேரம் வாய்த்தது. விரைவுப் பயிற்சி வாரத்துக்கு ஒன்றே. 2018ஆம் ஆண்டு, கொட்டும் மழையிலும் குளிர்காற்றிலும் நடந்த பொஸ்டன் மரதனில், பெரும் புகழ்வாய்ந்த வீரர் பலர் ஒதுங்கிவிட, அவ்வூழியர் முதலாவதாக வந்தார். 2 மணி 20 நிமிடத்துக்குட்பட்டு நூறு மரதனுக்கு மேல் ஓடியவர் அவர். அவருடைய வறுமையான நேரமே அவர்க்கு அளவு கற்பித்த ஆசானாயிற்று எனலாம்.

நோர்வே நாட்டார் இவ்வளவை இரத்தத்திலேயே கண்டறிய முற்பட்டனர். மரியுஸ் பக்கன் என்னும் ஓட்டக்காரர் பயிற்சியின் இடையிடையே விரலிற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, இலற்றிக்கமிலத்தின் அளவை நோக்கி, எல்லை கடவாது ஓடும் முறையை வளர்த்தார். பின்னர் இங்கபிறிற்சன் சகோதரர் அம்முறையைப் புகழ்பெறச் செய்தனர். அவர்கள் மரதன் வீரரல்லர். ஆயினும் அவர்கள் முறை நம் வினாவுக்குப் பொருந்துவதே. விரைவுப் பயிற்சியில் வேகத்தைக் கூட்டுவதற்காகவன்றி, வேகத்தை அடக்குவதற்காகவே அவர்கள் கருவியைக் கையாள்கின்றனர். நோர்வேயில் வாழும் அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் சைலர் பல துறைச் சிறந்த வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்து, ஐந்திற் நான்கு பங்கு பயிற்சி மெல்லியதாகவும் ஒரு பங்கே கடியதாகவும் அமைந்திருத்தலைக் கண்டு வெளியிட்டார்.

ஆகவே, சிறந்த மரதன் வீரர் விரைவுப் பயிற்சியில் தம்மை மிகையாக வருத்துகின்றனரா என்னும் வினாவுக்கு விடை இது: வருத்துவோர் உளர், அவருள் வென்றாரும் உளர். ஆயின் நீடு நின்றார் பெரும்பாலும் பயிற்சியிலே சிறிது மீத்து வைத்தவரே. விரைவுப் பயிற்சி தீதன்று. பயிற்சியைப் போட்டியாக்குதலே தீது.

என் பிழை

இவ்வினா என்னை ஏன் உறுத்தியது என்பதை இனிக் கூற வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கிராமப் பாடசாலையில் தமிழாசிரியனாய் இருந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிப் பொறுப்பும் என்மேல் விழுந்தது. என் இல்லத்திலே மெலிந்த தோற்றமுடைய மாணவன் ஒருவன் இருந்தான். மான்போல ஓடுவான். நான் நிறுத்தற்கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கி, நாள்தோறும் மாலையில் அவனை ஓடவிட்டு, நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். நேற்றைய நேரத்தை இன்று வெல்ல வேண்டும் என்பதே நான் விதித்த விதி. மூன்று வாரம் அவன் வென்றான். நான்காம் வாரம் நேரம் ஏறத் தொடங்கிற்று. அவன் சோம்புகின்றான் என நினைத்தேன். “முழங்காலுக்குக் கீழே நோகிறது, ஐயா” என்றான். நான் அவனுக்கு ஆள்வினையுடைமை அதிகாரத்தை எடுத்துரைத்தேன்.

வலயப் போட்டி நாளன்று, பாதித் தூரத்திலே அவன் வீதியோரம் குந்திவிட்டான். வைத்தியசாலையிற் படம் பிடித்துப் பார்த்தபோது கணைக்கால் என்பில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தெரிந்தது. சில மாதங்களில் அது பொருந்திற்று. ஆயின் அவன் அதன் பின் ஓடவில்லை. இன்று அவர் குடும்பத்தவர். சந்தையிற் காணும்போது இன்றும் “வணக்கம் ஐயா” என்று நின்று கதைத்துவிட்டே போவார். ஒருநாளும் அவர் என்னைக் குறை கூறியதில்லை. அக்கொப்பி இன்னும் என்னிடம் இருக்கின்றது. நான்காம் வாரத்து எண்களை இப்போது பார்க்கும்போது, அவை சோம்பலின் எண்களல்ல, ஒரு பிள்ளையின் உடல் எனக்கு எழுதிய விண்ணப்பம் என்பது தெளிவாய்த் தெரிகின்றது. அதனை வாசிக்க நான் அன்று கற்றிருக்கவில்லை.

சென்ற கிழமை அம்மாணவ ஆசிரியரை அழைத்து என் விடையைக் கூறினேன். “இரண்டு அதிகாரத்தையும் சொல்லும். ஆள்வினையுடைமை ஆண்டு முழுவதற்கும் உரியது. வலியறிதல் ஒவ்வொரு நாளுக்கும் உரியது. விரைவுப் பயிற்சி முடியும் தறுவாயிற் பிள்ளையைக் கேளும், இதே வேகத்தில் இன்னும் ஒரு வட்டம் ஓடுவாயா என்று. ‘ஓடுவேன்’ என்று அவன் சொன்னால், அவ்வட்டத்தை ஓடவிடாது வீட்டுக்கு அனுப்பும்” என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். “ஓடமாட்டேன் என்று சொன்னால், ஐயா?” என்று கேட்டார்.

“அன்று நீர் ஒரு வட்டம் பிந்திவிட்டீர்” என்றேன்.